ஏழுக்கு முன்னால் எட்டு

எழுதியிருந்தால் செய்வார். எழுதவில்லையா, செய்யமாட்டார். ரிக் ஆபீஸ் அக்காவைப் பற்றி ஒரே வரியில் சொல் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். கேட்பதற்கு என்னமோ நல்ல குணம்போலத்தான் இருக்கும். கூட இருந்து பார்த்தால் தெரியும், மண்டை காய்ந்துவிடும்.

திருச்செங்கோட்டில், சங்ககிரி ரோட்டில், கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தேன். நாலு கடை தள்ளி மாடியில் ஒரு போர்வெல் கம்பெனியின் ஆபீஸ். எங்கள் ஊரில் போர் போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறவர்கள் பெரும்பாலும் வண்டியை வடக்கே அனுப்பிவிடுவார்கள். இந்த முதலாளி மட்டும் இரண்டு வண்டிகளை ராசிபுரம், பரமத்தி, மல்லசமுத்திரம் என்று சுற்றுவட்டாரத்திலேயே ஓட்டினார். ஆபீஸில் மொத்தமே ஒரு ஆள்தான், அது அக்கா. என்னைவிட இரண்டு மூன்று வயது மூப்பு, அப்போது ஐம்பதைத் தொட்டிருப்பார். கொண்டையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில் சொருகியிருக்கும்.

முதல் தடவை என் கடைக்கு வந்தது ஒரு புது பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு. ஓடவில்லை என்றார். மூடியைத் திறந்தேன். வரும் வழியில் ஆடாமல் இருப்பதற்காக உள்ளே ஒட்டி அனுப்பியிருந்த நீல டேப் நாலும் ஒட்டியபடியே இருந்தன. "இதப் பிச்சுப்போட்டுத்தானுங்க ஓட்டோணும். இதுகூடவா தெரியாது?" என்றேன். எனக்குக் கொஞ்சம் வாய் ஜாஸ்தி. அக்கா கோபப்படவில்லை. பையிலிருந்து குறிப்புத் தாளை எடுத்து விரித்தார். ஒவ்வொரு வரிக்கு நேராகவும் சிவப்புப் பென்சிலில் ஒரு டிக்.

"டேப்பப் பிக்கச் சொல்லி எங்கயும் எழுதலீங்களே," என்றார்.

வாங்கிப் பார்த்தேன். எழுதத்தான் இல்லை. நீலக் கலரில் பளிச்சென்று ஒட்டியிருக்கிறதே, கண்ணுக்கு உறுத்தவில்லையா என்று கேட்டேன். உறுத்தியதாம். ஆனால் அது இருக்க வேண்டிய டேப்பாக இருந்துவிட்டால்? பிய்த்த பிறகு அதே மாதிரி ஒட்ட முடியுமா? டேப்பைப் பிய்த்துக் கொடுத்து அனுப்பினேன்.

இந்தப் பழக்கம் அவருக்கு ரிக்கிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். போர் போடும்போது ஒரே நீளமுள்ள இரும்பு ராடுகளை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டி இறக்குவார்கள். ஒரு ராடு முழுசாக இறங்கின பிறகுதான் அடுத்த ராடை மாட்டுவார்கள். அதுவரை அடுத்ததைத் தொடக்கூட மாட்டார்கள். அந்த ஆட்களோடு வருஷக்கணக்கில் பேசிப் பேசி, அக்கா தாளையும் அப்படியே படிப்பார். ஒரு வரி படிப்பார், அதைச் செய்வார், "ஆச்சு" என்பார், டிக் போடுவார். அதற்கப்புறம்தான் கண் அடுத்த வரிக்கு இறங்கும். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூட, மேலே குலதெய்வத்தின் பெயரில் ஆரம்பித்து வரிவரியாக வந்துதான் பெண்ணின் பெயரைச் சேர்வார். கொடுக்க வந்தவர்கள் நின்று நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அவருடைய உயிர் போர் ரெஜிஸ்டரில் இருந்தது. எந்த ஊர், யார் தோட்டம், எத்தனை அடி, மேலே கேசிங் குழாய் எத்தனை அடி, எத்தனையாவது அடியில் தண்ணீர் வந்தது என்று ரிக்கை இயக்கும் டிரில்லர் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வருவார். அக்கா அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். சீட்டில் 'சுமார் எழுநூறு' என்று இருந்தால் வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதுதான். "சுமார்னு ஒரு அடி இல்லீங்க. எத்தன ராடு எறங்குச்சு, அதச் சொல்லுங்க" என்பார். இப்படிப் பதிமூன்று வருஷம் ஏற்றியிருந்தார்.

அந்த எண்களுக்கு எவ்வளவு மதிப்பு என்பது கோடையில்தான் தெரியும். மோட்டார் எரிந்துபோகும், புது மோட்டார் இறக்க வேண்டும், போர் எத்தனை அடி என்று தோட்டக்காரருக்கு ஞாபகம் இருக்காது. ஆழம் தெரியாமல் இறக்கினால் மோட்டார் போய்ச் சேற்றில் உட்கார்ந்துகொள்ளும். பிறகு மோட்டாரும் போச்சு, போரும் போச்சு, நிற்கிற வெள்ளாமையும் போச்சு. அதனால் முதல் போன் அக்காவுக்குத்தான் வரும். ஊரும் பேரும் சொன்னால் போதும், அடுத்த நிமிஷம் அடி சொல்லிவிடுவார்.

சரி, இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

உலகத்தில் யார் யாரோ கூடி எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், திருத்திக்கொள்ளலாம் என்று விட்டிருக்கும் ஓர் இயங்குதளம் உண்டு. பழைய கம்ப்யூட்டரிலும் நன்றாக ஓடும். அதை நிறுவுவது எப்படி என்கிற குறிப்பை நான் தமிழில் எழுதி, அதைப் பரப்பும் எங்கள் தமிழ்க் குழுவின் இணையப் பக்கத்தில் ஏற்றியிருந்தேன். நாலு பக்கம், பதினோரு படி. அதில் எனக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. அக்காவின் ஆபீஸ் கம்ப்யூட்டர், ஆன் செய்துவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வரலாம் என்ற கதிக்கு வந்தபோது, இதைப் போடுங்கள் என்று நான்தான் சொன்னேன். நீங்களே வந்து போட்டுக் கொடுத்துவிடுங்களேன் என்றார். என் குறிப்பு இருக்கும்போது நான் எதற்கு? படிக்கத் தெரிந்த யாரும் போட்டுக்கொள்ளலாம் என்று அளந்துவிட்டு, தாளையும் பென்டிரைவையும் கையில் கொடுத்து அனுப்பினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் கை படாமல் ஒருவர் தாளைப் பார்த்தே போட்டுவிட்டார் என்று குழுவில் பீற்றிக்கொள்ள எனக்கு ஆசை.

இரண்டு நாள் கழித்து வந்தார். போட்டாயிற்று, நன்றாக ஓடுகிறது என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் அந்தத் தாளை மேஜையில் வைத்து, "ஏழுக்கு முன்னாடி எட்டு வரோணுமுங்க," என்றார்.

ஏழாவது படி இது: 'வட்டு முழுவதையும் அழித்து நிறுவு என்பதைத் தேர்ந்தெடுத்து, தொடர்க என்ற பொத்தானை அழுத்தவும்.' எட்டாவது: 'குறிப்பு: மேற்கண்ட படியைச் செய்யும் முன், தேவையான கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்ளவும்.' எழுதும்போது எச்சரிக்கை ஞாபகம் வந்தது ஏழை முடித்த பிறகு. வந்த இடத்திலேயே எழுதி, அதற்கு ஓர் எண்ணும் போட்டு வைத்திருந்தேன்.

இப்போது படித்தால் தப்பு உடனே கண்ணில் படுகிறது. அன்றைக்குப் படவில்லை. கடையில் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள், அவர்கள் எதிரில் என் குறிப்பைக் குறை சொல்கிறாரே என்று சுருக்கென்று ஏறிவிட்டது. "எந்தக் குறிப்பா இருந்தாலும் மொதல்ல முழுசாப் படிச்சுப் பாத்துட்டுத்தானுங்க ஆரம்பிக்கோணும். எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க" என்றேன்.

"அப்படின்னு எழுதலீங்களே," என்றார் அக்கா.

மறுபடியும் அதே பாட்டு. ஓடுகிறதல்லவா, அப்புறம் என்ன என்று பேச்சை முடித்துவிட்டேன். தாளை வைத்துவிட்டுப் போனார். நான் அதை எடுத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஒன்றிலிருந்து ஏழு வரை டிக் இருந்தது, ஒன்பதிலிருந்து பதினொன்று வரை டிக் இருந்தது. எட்டில் இல்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். மத்தியானம் அக்காவிடமிருந்து போன்.

"ஏனுங்க, உங்க ஊட்டுப் போரு எத்தன அடிங்க?"

நான் வீடு கட்டும்போது போர் போட்டது அவர்களுடைய ரிக்தான். எனக்கு எப்படித் தெரியும், உங்கள் ரெஜிஸ்டரில் இருக்குமே என்றேன்.

"இருந்துச்சுங்க," என்றார்.

கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு மாடிப்படி ஏறி ஓடினேன். அக்கா மேஜையில் ஒரு நீள நோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு டிரில்லர்களின் ஞாபகத்திலிருந்தும், தன் செல்லில் இருந்த நம்பர்களிலிருந்தும் ஊர் ஊராகப் பெயர்ப் பட்டியல் போட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். என் பெயரும் அதில் ஒன்று. பழைய சீட்டுகள் இல்லையா என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் ஏற்றியதும் வருஷாவருஷம் ஆயுத பூஜைக்கு எடைக்குப் போட்டுவிடுவார்களாம். முதலாளியிடம் அழிந்த அன்றைக்கே சொல்லிவிட்டாராம். என்னவென்று சொன்னீர்கள் என்றேன். "நான்தான் அழிச்சுப்போட்டேன்னு," என்றார். கோடை வருவதற்குள் ரெஜிஸ்டரைச் சேர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் அந்த நாற்காலியில் வேறு ஆளை உட்காரவைப்பேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். அப்போது கார்த்திகை மாதம்.

ஏன் என்னைத் திட்டவில்லை, அன்றைக்கே கடையில் வைத்து நாலு கேள்வி கேட்டிருக்கலாமே என்றேன்.

"திட்டுனா எட்டு மேல வந்துருமுங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான். பென்சிலை எடுத்துக்கொண்டு அடுத்த நம்பரைப் போட ஆரம்பித்தார்.

அந்தக் கம்ப்யூட்டரைக் கழற்றிக் கொண்டுபோய், அழிந்ததை மீட்கிற மென்பொருள்களை எல்லாம் போட்டுத் தோண்டினேன். கால்வாசிகூடத் தேறவில்லை. தேறியதிலும் பாதி, பெயர் ஒரு பக்கம் எண் ஒரு பக்கம் என்று சிதறிக் கிடந்தது. அதை அக்கா அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றையும் போன் போட்டு உறுதி செய்தார். இது முடிகிற காரியமா என்று எனக்குத் தோன்றியது. பக்கத்துத் தோட்டத்தில் எழுநூற்று இருபது அடி என்றால் இங்கேயும் கிட்டத்தட்ட அவ்வளவுதானே, போட்டுக்கொள்ளலாமே என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அக்கா பென்சிலைக் கீழே வைத்தார். "அத நம்பி ஒருத்தரு மோட்டார எறக்குவாருங்க," என்றார். பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆனால் போனில் வந்ததைக் கேட்கவேண்டுமே. மல்லசமுத்திரத்துக்காரர் ஒருவர் பீரோக் கதவின் உள்பக்கம் சுண்ணாம்பில் எழுதி வைத்திருந்தார். ராசிபுரம் பக்கத்து அம்மா ஒருவர், எங்கள் எருமை கன்று போட்ட அன்றைக்குத்தான் தண்ணி வந்தது, அறுநூற்று அறுபது, அதை மறப்பேனா என்றாராம். ஒருவர் வரி போடத்தான் கணக்கெடுக்கிறார்கள் என்று நினைத்து, எங்கள் தோட்டத்தில் போரே இல்லை என்று சாதித்தார். அக்கா அவரை நாலு தடவை கூப்பிட்டார். நாலாவது தடவை அடியோடு கேசிங்கும் சேர்த்துச் சொன்னார்.

அக்கா எண்களைச் சேர்க்கட்டும், நான் என் தாளைச் சரிசெய்வது என்று முடிவு கட்டினேன். எட்டைத் தூக்கி எல்லாவற்றுக்கும் முதலில் வைத்தேன். தப்பு என்னுடையது, அதனால் ஒருவரின் பதிமூன்று வருஷ வேலை அழிந்தது என்று குழுவில் எழுதினேன். முதலிலேயே 'எல்லாவற்றையும் படித்துவிட்டு ஆரம்பிக்கவும்' என்று ஒரு வரி போட்டால் தீர்ந்தது என்று குழுவில் ஒருவர் சொன்னார். அக்காவிடம் கேட்டேன். "படிக்க மாட்டாங்க. வரிசைய மாத்துங்க" என்றார்.

சாயங்காலம் ஆபீஸைப் பூட்டிவிட்டு என் கடைக்கு வருவார். ஓரமாகக் கிடந்த ஓர் ஓட்டைக் கம்ப்யூட்டரில் என் புதுத் தாளை வைத்து, முதல் வரியிலிருந்து போட்டுப் பார்ப்பார். எங்கே நிற்கிறாரோ அங்கே நான் திருத்தவேண்டும். பென்டிரைவைச் சொருகவும் என்றால் கம்ப்யூட்டர் ஓடும்போதா, நிறுத்திவைத்தா? இந்தப் பொத்தானை அழுத்தவும் என்றால் எப்போது, எத்தனை தடவை? சில நிமிடங்கள் காத்திருக்கவும் என்று எழுதியிருந்தேன். "சில நிமிஷம்னா டீ குடிக்கற நேரமுங்களா, குளிச்சுட்டு வார நேரமுங்களா?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். நான் கடிகாரத்தை வைத்து அளந்து எழுதினேன். எத்தனையோ நாள் எரிச்சலில் தாளைக் கசக்கி எறிந்திருக்கிறேன். அக்கா எடுத்து நீவிக் கொடுப்பார். பதினோரு படி முப்பத்துநாலு ஆனது. இது படிக்கிறவர்களை முட்டாளாக்குகிறது என்று குழுவில் சண்டை வந்தது. நான் விடவில்லை. எனக்கும் வீம்பு ஏறிவிட்டது.

மார்கழிக் கடைசியில், எனக்குத் தெரிந்தவரை எல்லாம் சரி என்று வந்தபோது, அக்கா ஒரு சோதனை வைத்தார். ரிக் ஒன்று பழுதாகி நின்றதால் அதன் டிரில்லர் ஊரில் இருந்தார். ஐம்பத்தைந்து வயது, மௌசைத் தொட்டதே கிடையாது. அவரைக் கூட்டிவந்து கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்துத் தாளைக் கொடுத்தார். என்னைப் பார்த்து வெளியே போங்கள் என்றார். என் கடையிலிருந்து என்னையே! நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன், ஓரமாக நிற்கிறேன் என்றேன்.

"தாளு போற ஊருக்கெல்லாம் நீங்களும் கூடப் போவீங்களா?" என்று கேட்டார்.

வாசற்படியில் போய் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து டிரில்லர் ஒவ்வொரு வரியாக எழுத்துக்கூட்டிப் படிப்பதும், "ஆச்சு" என்பதும் கேட்டது. நான் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்துமூன்று வரை வந்துவிட்டது. முப்பத்துநாலு, மறுபடி தொடங்க விடவும் என்பது. அதற்கு "ஆச்சு" வரவில்லை. பிறகு பார்த்தால் டிரில்லர் திரும்பவும் ஆறாவது வரியைப் படிக்கிறார். எனக்குப் புரிந்துவிட்டது, உள்ளே ஓடிப் போய்ச் சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா வெளியே வந்து, "பென்டிரைவ உருவோணும்னு எழுதலீங்க," என்றார். உருவாமல் விட்டால் அது மறுபடி முதலிலிருந்து நிறுவத்தான் கேட்கும். நூறு தடவை போட்ட எனக்குக் கை தானாக உருவிவிடும், அதனால் எழுதத் தோன்றவே இல்லை.

முப்பத்துநாலுக்கு முன்னால் அந்த வரியைச் சேர்த்தேன். மறுநாள் டிரில்லர் திரும்ப உட்கார்ந்தார், நான் திரும்ப வாசற்படி. கடைசி "ஆச்சு" கொஞ்சம் சத்தமாகவே வந்தது. உள்ளே போனேன். திரையில் புது இயங்குதளம் நின்றது, டிரில்லர் கையைக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா முப்பத்தைந்தாவது வரிக்கு டிக் போட்டுத் தாளை என்னிடம் கொடுத்தார். அதுதான் இப்போதும் அந்த இணையப் பக்கத்தில் இருக்கிறது, முதல் வரி நகலெடுப்பது.

மாசி முடிவதற்குள் ரெஜிஸ்டரும் சேர்ந்துவிட்டது, நாற்காலியும் தப்பித்தது. கிடைக்காமல் போனவற்றுக்கு அவர் ஊகித்து எதுவும் போடவில்லை. தெரியாது என்றும், யாரை எப்போது கேட்டால் தெரியும் என்றும் எழுதினார். என் வீட்டுப் போர் அந்தப் பட்டியலில் இருந்தது. மோட்டார் உள்ளே இருக்கும்போது அளக்க முடியாது, பழுதுக்குத் தூக்கும்போது கயிறு விட்டு அளந்து எனக்கு ஒரு போன் போடுங்கள் என்றார். கண்டிப்பாக என்றேன்.

மோட்டார் நன்றாக ஓடியது, நான் மறந்துவிட்டேன். சில வருஷத்தில் அக்கா வேலையை விட்டு ஓசூரில் மகள் வீட்டுக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். அவருடைய பழைய நம்பருக்கு ஒரு தடவை கூப்பிட்டேன், வேறு யாரோ எடுத்தார்கள். நானும் கடையை மூடிவிட்டேன்.

போன மாதம் மோட்டார் எரிந்தது. நாலு பேர் வந்து ஒவ்வொரு குழாயாகக் கழற்றித் தூக்கிப் போட்டார்கள். கடைசிக் குழாயும் மோட்டாரும் வெளியே வந்ததும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஒரு நைலான் கயிற்றின் முனையில் இரும்புத் துண்டைக் கட்டி இறக்கினேன். தரை தட்டிய இடத்தில் முடிச்சுப் போட்டு, மேலே இழுத்து, ரோட்டில் நீட்டி டேப் பிடித்து அளந்தேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை. பிறகு அந்த ஆபீஸுக்குப் போன் போட்டேன்.

புதிதாக வந்த ஒரு பெண் எடுத்தார். ஊரும் பேரும் சொன்னேன். தேடிப் பார்த்தார்.

"உங்க பேருல அடி போடலீங்க சார். அந்த எடத்துல 'மோட்டார் தூக்கும்போது அளந்து சொல்லுவார்'னு எழுதியிருக்குதுங்க," என்றார்.

ஒன்பது வருஷம். அந்த வரி அப்படியே இருந்திருக்கிறது. அறுநூற்று முப்பத்தைந்து அடி என்றேன்.

"சுமாருங்களா சார்?"

"இல்லீங்க. அளந்தது."

"சரிங்க. அந்த வரிய அழிச்சுட்டு நெம்பரப் போட்டர்றேன்."

"சித்த இருங்க," என்றேன். "அழிக்கறதுக்கு முன்னாடி அத ஒரு போட்டோ புடிச்சு எனக்கு அனுப்பிடுங்க. வந்துருச்சுன்னு நான் சொன்னதுக்கப்பறம் அழிங்க."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அனுப்பினார். படம் வந்தது. பெரிதாக்கி ஒரு தடவை படித்தேன்.

"ஆச்சுங்க," என்றேன்.